அட்டை முந்நூறு, புத்தகம் அறுபது

போன மாதம் எங்கள் ஊர் எழுத்தாளர்கள் ஒரு கூட்டம் போட்டார்கள். புத்தகம் போட்டுத் தருகிறேன் என்று சொல்லி ஏமாற்றுகிறவர்களிடம் மாட்டாமல் இருப்பது எப்படி என்பதுதான் பேச்சு. ஒரு வக்கீல் பேசினார். ஒரு கல்லூரி வாத்தியார் பேசினார். அச்சகத்தில் வேலை பார்த்த ஆள் ஒருவரும் பேசினால் நல்லது என்று எங்கள் பழைய முதலாளியம்மாவைக் கேட்டிருக்கிறார்கள். அவர் என்னைக் கைகாட்டிவிட்டார்.

மைக்கைக் கொடுத்தார்கள். "அட்டை எத்தினி அடிச்சாங்க, உள்பக்கம் எத்தினி அடிச்சாங்கன்னு தனித்தனியா கேளுங்க" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே டீ குடிக்கும்போது ஒரு பெண் வந்தார். கவிதை எழுதுகிறவராம்.

"ஐயா, ரெண்டும் ஒரே புக்குதான? அத ஏன் தனித்தனியா கேக்கணும்?"

நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன்.

"எழுதுவீங்களா?" என்று கேட்டுவிட்டு, கேட்டது தப்போ என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். தப்பில்லை. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

என் பெயர் கலியபெருமாள். ஏழாவது வரைக்கும் படித்தேன். முப்பத்து நாலு வருஷம் அச்சகத்தில் பைண்டிங் வேலை. வேலைக்குச் சேர்ந்தபோது டவுனில் ஒரு சின்ன அச்சகம். இரண்டு வருஷம் தாள் மடித்தேன். ஒரு வருஷம் ஊசி நூல். அப்புறம் பசை. அவ்வளவுதான் பயிற்சி. பிறகு அந்த அச்சகம் பெரிதாகி எங்கள் ஊர் ஓரத்திலேயே இருக்கிற மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குப் போனது. நானும் போனேன். ரிட்டயர் ஆகிற வரைக்கும் அங்கேதான்.

பெரிய தாளில் ஒரு பக்கத்துக்கு எட்டுப் பக்கம், மறு பக்கத்துக்கு எட்டுப் பக்கம் அச்சாகி வரும். அதை மடித்தால் பதினாறு பக்கம். அதற்கு ஃபாரம் என்று பெயர். பத்து ஃபாரத்தை வரிசையாக அடுக்கி, முதுகில் பசை போட்டு, அட்டையைச் சுற்றி, மூன்று பக்கமும் வெட்டினால் புத்தகம். கேட்க லேசாக இருக்கும். ஒரு ஃபாரம் மாறினால் கதையில் செத்தவன் திரும்ப எழுந்து வருவான். ஒரு தடவை வந்தான். அந்த எழுத்தாளர் என்னோடு ஒரு வருஷம் பேசவில்லை.

இப்போதும் காலையில் விழிப்பு வந்தால் அந்த ஷெட் சத்தம்தான் முதலில் ஞாபகம் வருகிறது. மெஷின் ஒரே தாளத்தில் ஓடும். பசைப் பெட்டி சூடாகி ஒரு வாசனை வரும். சிலருக்குத் தலைவலி கொடுக்கும். எனக்கு அது வந்தால்தான் பொழுது விடிந்த மாதிரி. கட்டிங் மெஷினில் பிரான்சுவா இருந்தான். டவுன் பையன், மாதா கோயில் பாட்டுக் கோஷ்டியில் பாடுகிறவன். கத்தி இறங்குகிற நேரத்துக்குச் சரியாகப் பாட்டை நிறுத்துவான். பாட்டு நின்றால் யாரும் அந்தப் பக்கம் கையை நீட்ட மாட்டோம். மத்தியானம் நாலைந்து பேர் தாள் கட்டு மேலேயே உட்கார்ந்து சாப்பிடுவோம். வீராம்பட்டினத்துப் பெண்கள் மூன்று பேர் மடிப்பு வேலையில் இருந்தார்கள். அவர்கள் மீன்குழம்பு டப்பாவைத் திறந்தால் மற்றவர்கள் குழம்பை யாரும் தொட மாட்டோம். ஆடி மாதம் அவர்கள் ஊர் அம்மன் தேர் நாளில் வேலைக்கு வர மாட்டார்கள். அன்றைக்கு மேஜை காலியாகக் கிடக்கும். முதலாளியம்மா வந்து பார்த்துவிட்டு, "சாமி லீவு வுட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டு அவரே மடிக்க உட்கார்ந்துவிடுவார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சுந்தரி. நாங்கள் மேடம் என்போம். வீட்டுக்காரருக்கு உடம்பு முடியாமல் போனதும் அச்சகத்தை எடுத்துக்கொண்டவர். என்னைவிடச் சின்னவர். அதட்டிப் பேசிப் பார்த்ததில்லை. கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருப்பார். கோபம் வந்தால் அதை எடுத்துச் சீவுவார். சீவிக்கொண்டே இருப்பார். பென்சில் பாதியானால் யாருக்கோ வேலை போகிறது என்று அர்த்தம். ஜாப் கார்டு இல்லாமல் ஒரு தாள் நகராது. யார் வேலை, எத்தனை பிரதி, என்ன தாள், யார் மடித்தது, யார் ஒட்டியது, எல்லாம் அந்த மஞ்சள் அட்டையில் ஏறும். வேலை முடிந்ததும் ஒட்டியவன் தன் பெயரை எழுத வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாத வீராம்பட்டினத்து அக்காகூட ஒரு மீன் படம் போட்டுவிட்டுப் போகும்.

எழுத்தாளர்கள் தங்கள் முதல் புத்தகத்தைப் பார்க்க பைண்டிங்குக்கே வந்துவிடுவார்கள். கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர் உண்டு. மோந்து பார்க்கிறவர் உண்டு. ஒரு போஸ்ட் மாஸ்டர் அழுதார். ஆனால் எல்லாரும் முதலில் பார்ப்பது அட்டையில் தன் பெயரை. அதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம். அட்டையில் பெயர் சரியாக இருந்தால் மனசு நிறைந்துவிடும். இதை நான் மட்டும் கவனிக்கவில்லை. ஏமாற்றுகிறவனும் கவனித்திருந்தான்.

அப்படி ஒரு பதிப்பாளர் எங்களிடம் வேலை கொடுத்துவந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வரும்போது இனிப்பு வாங்கிவருவார். எல்லாரையும் ஐயா, தாயே என்பார். வாயைத் திறந்தால் "நூலக ஆர்டர் வரப்போவுது" என்பார். பைண்டிங்கில் நாங்கள் அவருக்கு ஆர்டர் சார் என்று பெயர் வைத்திருந்தோம். கேட் பக்கம் அவர் தலை தெரிந்ததுமே பிரான்சுவா பிரெஞ்சில் வணக்கம் வைத்து, "போன்ழூர் முசே, ஆர்டர் வந்துச்சா?" என்று கத்துவான். அவரும் சிரிப்பார். நல்ல மனுஷன் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

அவர் எழுத்தாளர்களிடம் எப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்துதான் போனில் பேசுவார். முதலில் புகழ்ச்சி. "நேத்து ராத்திரி தூங்கலைம்மா, உங்க எழுத்துதான்." அப்புறம் அவசரம். "இந்த வாரம் குடுத்தா நூலகத்துக்குப் போயிடும், அடுத்த வாரம்னா அடுத்த வருஷம்தான்." கடைசியில்தான் பணம். அதையும் பணம் என்று சொல்ல மாட்டார். பங்களிப்பு என்பார். இப்போது இதெல்லாம் போனிலேயே வருகிறது. எழுதி அனுப்பாத கவிதைக்குக்கூட விருது என்கிறான். ஷீல்டுக்கு மட்டும் நீங்கள் கட்டுங்கள் என்கிறான். ஆள்தான் வேறு, வரிசை அதேதான். உங்கள் எழுத்தில் ஒரு குறைகூடச் சொல்லாமல் ஒருவன் புத்தகம் போடுகிறேன் என்றால் அவன் அதைப் படிக்கவில்லை. நல்ல பதிப்பாளர்கள் வேலையும் நாங்கள் செய்திருக்கிறோம். அவர்கள் எழுத்தாளரோடு சண்டை போட்டுக்கொண்டேதான் உள்ளே வருவார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். ஆர்டர் சார் ஒரு வேலை கொடுத்தார். நீல அட்டை. அதில் ஒரு தூளி படம். அட்டை முந்நூறு. உள்பக்கம் அறுபது.

எண்ணிக்கை ஒத்துவரவில்லை என்று எனக்குச் சந்தேகம் வரவில்லை. காரணம் இருக்கிறது. கலர் அட்டையைப் பெரிய மெஷினில் ஒரே மூச்சில் அடித்துவிடுவது வழக்கம். உள்பக்கத்தைச் சின்ன மெஷினில், வெளியீட்டு விழாவுக்கு வேண்டியதை மட்டும் முதலில் அடிப்பார்கள். மீதி பின்னால் வரும். எத்தனையோ வேலை அப்படி நடந்திருக்கிறது. அறுபது ஒட்டிக் கொடுத்தேன். இருநூற்று நாற்பது அட்டையைக் கட்டி, மேலே பெயர் எழுதி ஷெல்ஃபில் வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து வந்தார்.

"கலியபெருமாள் ஐயா, மீதி அட்டைக்கு எல்லாம் டம்மி போட்டுக் குடுங்க."

டம்மி என்றால் பைண்டிங்கில் புதிதில்லை. புத்தகம் எவ்வளவு தடிமன் வரும் என்று பார்க்க, அச்சாவதற்கு முன்னால் ஒரு பொய்ப் புத்தகம் ஒட்டுவோம். ஒன்று ஒட்டுவோம். இருநூற்று நாற்பது ஒட்டியதில்லை.

"எதுக்கு சார் இத்தினி?"

"கண்காட்சில ஸ்டால் போடறோம் இல்ல? சுவரு மாதிரி அடுக்கணும். நெஜப் புக்க அடுக்கினா தூசு படிஞ்சி வீணாப் பூடும். ஸ்வீட்டுக் கடையில காலி டப்பா அடுக்கி வெக்கிறான் இல்ல, அது மாதிரி."

சரியாகத்தான் பட்டது. மேடமிடம் சொன்னேன். அவரும் யோசித்துவிட்டு, கார்டில் 'ஸ்டால் டம்மி' என்று எழுதிக் கொடுத்தார்.

உள்ளே வைக்க செட்டிங் தாளை எடுத்தேன். மெஷினில் மை சரியாக விழுகிறதா என்று பார்க்க, முதலில் பழைய தாளைத்தான் ஓட்டுவார்கள். அதே தாளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். அதனால் ஒரே தாளில் மூன்று நாலு வேலை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சாகியிருக்கும். கல்யாணப் பத்திரிகைமேல் கணக்குப் புத்தகம், அதன்மேல் தலைகீழாக மருந்துக்கடை பில். எடைக்குப் போடுகிற தாள். அதை எண்ணி, தடிமன் பார்த்து, ஒட்டி, வெட்டினேன். பிரான்சுவா வெட்டியதும் வெளியிலிருந்து பார்த்தால் நிஜத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. நல்ல வேலை என்று எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. கார்டில் என் பெயரை எழுதினேன்.

ஒரு வருஷம் போயிருக்கும். காலை பத்து மணி. ஒரு அம்மா ஒயர் கூடையோடு ஆபீஸ் ரூமுக்குள் வந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். புடவை முந்தானையை ஊக்குப் போட்டுக் குத்தியிருந்தார். கழுத்தில் சின்னச் சிலுவை. ஆபீஸ் ரூமுக்கும் பைண்டிங்குக்கும் நடுவில் கண்ணாடி வைத்த பாதிச் சுவர்தான். பேசுவது கேட்கும்.

கூடையிலிருந்து ஒரு கட்டை எடுத்து மேடம் மேஜைமேல் வைத்தார். நீல அட்டை. தூளி. மேலே இருந்ததைத் திறந்து காட்டினார்.

"இது நான் எழுதுனது."

இரண்டாவதைத் திறந்தார்.

"இது யாரு எழுதுனதும்மா?"

மேடம் பார்த்தார். நான் இருந்த இடத்திலிருந்தே அது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"நான் பிரசவ வார்டு நர்சு. வார்டப் பத்தித்தான் எழுதுனேன். அதுல பின்னக் கணக்கு எப்பிடி வந்துது?"

பின்னால் பிரான்சுவா சிரித்துவிட்டான். மேடம் திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

அந்த அம்மா பெயர் அமலோற்பவம். நாங்கள் நர்சம்மா என்றோம். நடந்ததை வரிசையாகச் சொன்னார். பேஷண்டு விவரம் சொல்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார். ஆர்டர் சார் முந்நூறு பிரதி போடுவதாகப் பங்களிப்பு வாங்கியிருக்கிறார். விழாவில் இருபத்தைந்து கொடுத்தார். மீதியெல்லாம் நூலக ஆர்டருக்காகக் குடோனில் இருக்கிறது என்றார். நர்சம்மா போய்ப் பார்த்தார். நீலக் கட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. சந்தோஷமாகத் திரும்பிவிட்டார். பிறகு ஒரு நர்சிங் ஸ்கூலில் பிள்ளைகளுக்குக் கொடுக்க இருபது கேட்டார்கள். ஆர்டர் சார் போன் எடுக்கவில்லை. இவர் ஆட்டோ வைத்துக்கொண்டு குடோனுக்கே போனார். எழுதினவர் என்று தெரிந்து வாட்ச்மேன் ஒரு கட்டைக் கொடுத்தனுப்பிவிட்டான்.

"கட்ட ஸ்கூல்லயே பிரிச்சேன். வரிசையா வந்து வாங்கிக்கிச்சுங்க. மூணாவதா வாங்குன பொண்ணு தொறந்துட்டு, 'மேடம், இதுல கணக்கு இருக்குது'ன்னுச்சு. எல்லாம் சிரிச்சிச்சுங்க. நானும் சிரிச்சேன். வேற என்னா பண்றது."

"எங்கள எப்பிடித் தெரியும் உங்களுக்கு?" என்று மேடம் கேட்டார்.

"ரெண்டாவது பக்கத்துல அச்சிட்டவங்கன்னு உங்க பேரு போட்டிருக்குதே. பஸ்ஸப் புடிச்சி வந்துட்டேன். நீங்க எத்தினி போட்டீங்க?"

மேடம் பென்சிலை எடுத்தார்.

"அது கஸ்டமர் விவரம்மா. வெளிய சொல்ற வழக்கம் இல்ல."

"நான் வெளியாளா?"

"அப்பிடி இல்ல..."

"பெத்தவகிட்டயே புள்ளயக் காட்ட மாட்டேன்னு சொல்ற மாதிரி இருக்குதும்மா."

மேடம் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். ஒருவன் வேலையை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது என்பது அச்சகத்தில் கட்டாயம். கேள்வித்தாள் அடிக்கிற இடம். நானே புது ஆட்களுக்கு அதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் வார்த்தை தானாக வந்துவிட்டது.

"அறுபது" என்றேன் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து. "அட்டை முந்நூறு. புத்தகம் அறுபதும்மா."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மேடமும் பார்த்தார். என் வேலை போய்விட்டது என்று நினைத்தேன். அவர் எழுந்து போய் ஃபைலிலிருந்து மஞ்சள் கார்டை எடுத்துவந்து நர்சம்மா முன்னால் வைத்தார். வைக்கும்போது கீழ்ப்பாதியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார். என் பெயர் இருக்கிற பாதி அது.

"மீதிய யாரு ஒட்டுனது?" என்று நர்சம்மா கேட்டார்.

"இங்கதான் ஒட்டுனோம். ஸ்டாலுக்குன்னு சொன்னாரு, நம்பிட்டோம்."

ஒட்டினோம் என்றார் மேடம். நான் தாளைத் தட்டிச் சமப்படுத்திக்கொண்டிருந்தேன். சமமாகத்தான் இருந்தது. திரும்பவும் தட்டினேன். அறுபது என்று சொன்ன வாய்க்கு, நான்தான் என்று சொல்ல வரவில்லை.

நர்சம்மாவுக்குப் பணம் பெரிதாகத் தெரியவில்லை. "அது போனா போவுது. ரெண்டு நோட்டுல கைப்பட எழுதி அவர்ட்டயே குடுத்துட்டேன். அதுல பாதிதான் புக்குல வந்துது. மீதி அந்த நோட்டுலதான் இருக்குது. எனக்கு இப்ப ஞாபகமும் மங்குது. திரும்ப எழுதுன்னா முடியாது" என்றார். ஒப்பந்தத்தையும் கொண்டுவந்திருந்தார். மேடம் படித்தார். நோட்டில் எழுதியது முழுக்கப் பதிப்பாளருக்கே உரிமை என்று போட்டிருந்தது. நர்சம்மா அதை வேறு எங்கேயும் அச்சடிக்க முடியாது.

"படிக்காமயா கையெழுத்துப் போட்டீங்க?"

"மேடையில வெச்சி நீட்டுனாரும்மா. போட்டோ எடுத்தாங்க. எல்லாரும் கை தட்டுனாங்க."

மேடம் கார்டில் இருந்த எண்ணிக்கையை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, அச்சகத்து சீல் வைத்துக் கொடுத்தார். "இது உங்ககிட்ட இருக்கட்டும். ஒரு வாரம் பொறுங்க" என்றார். நர்சம்மா போனதும் என்னைக் கூப்பிட்டார்.

"வாய மூட மாட்டீங்களா கலியபெருமாள்?"

"இல்ல மேடம்..."

"நானே சொல்லலாம்னுதான் இருந்தேன். முந்திக்கினீங்க."

அவ்வளவுதான். பென்சிலைக் கொண்டையில் செருகிவிட்டார்.

அந்தச் சமயம் ஆர்டர் சாருடைய இன்னொரு வேலை எங்களிடம் முடிந்து கிடந்தது. ஒரு ரிட்டயர்ட் வாத்தியாருடைய கவிதை. அதிலும் அட்டை முந்நூறு, உள்பக்கம் ஐம்பது. ஞாயிற்றுக்கிழமை வெளியீடு. பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்தாகிவிட்டது. வியாழக்கிழமை ஆர்டர் சார் இனிப்போடு வந்தார்.

"மேடம், கவித ரெடியா?"

"ரெடி. தோ இருக்குது பாருங்க. நர்சம்மா நோட்டு ரெண்டு, உரிமையத் திருப்பித் தரேன்னு ஒரு கடுதாசி. அது இங்க வந்தா இது உங்க வண்டியில ஏறும்."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

"அதுக்கும் இதுக்கும் என்னா மேடம் சம்பந்தம்?"

"ரெண்டுத்துக்கும் அட்ட ஜாஸ்தி."

"தாயே, நூலக ஆர்டர் வரப்போற நேரத்துல நீங்க..."

"முசே! ஆர்டர் வண்டி தவளக்குப்பத்துல பஞ்சராம்!" என்று பிரான்சுவா உள்ளேயிருந்து கத்தினான். மடிப்பு மேஜையில் மூன்று பெண்களும் குலுங்கினார்கள்.

ஆர்டர் சார் அரை மணி நேரம் பேசினார். மிரட்டினார், கெஞ்சினார், வேறு அச்சகம் பார்த்துக்கொள்கிறேன் என்றார். மேடம் இனிப்புப் பெட்டியை அவர் பக்கம் தள்ளி வைத்தார். கடைசியில் அங்கேயே உட்கார்ந்து கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் ஒரு நோட்டு வந்தது. இன்னொன்றைக் காணவில்லை என்றார். டைப் அடிக்கக் கொடுத்த இடத்தில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார்.

மேடம் என்னை அனுப்பினார். தவளக்குப்பம் ஜங்ஷனில் மாடியில் ஒரு டைப்பிங் சென்டர். ஒரு பெண் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தது.

"நீல பைண்டு நோட்டு ஒண்ணு, நர்சம்மா எழுதுனது. பாத்தியாம்மா?"

"அதெல்லாம் எப்பவோ குடுத்துட்டோம்ணே."

பீரோவில் தேடினேன். மூலையில் கிடந்த கட்டுகளைப் பிரித்தேன். இல்லை. சரி என்று திரும்பும்போது அந்தப் பெண்ணின் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். திரை உயரமாக இருக்க அடியில் நாலைந்து நோட்டை வைத்து முட்டுக் கொடுத்திருந்தது. கடைசியில் ஒரு நீல ஓரம். நோட்டின் முதுகைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.

"அத எடும்மா."

"எதுண்ணே? ஐயோ, அத எடுத்தா மானிட்டர் எறங்கிடும்ணே!"

வாசலில் கிடந்த செங்கல்லைக் கொண்டுவந்து, துடைத்து, அடியில் வைத்துவிட்டு எடுத்தேன். அட்டையில் டீ டம்ளர் வட்டம் வட்டமாக இருந்தது.

வாத்தியாருக்கு மேடம் போன் செய்து எண்ணிக்கையைச் சொல்லிவிட்டார். அவர் விழாவை நிறுத்தவில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. ஆர்டர் சார் அதற்கப்புறம் எங்கள் கேட் பக்கம் வரவில்லை. அவர் வேலைகள் போனதில் எங்களுக்கும் அந்த வருஷம் கொஞ்சம் முட்டுப்பாடுதான்.  

இரண்டு நோட்டையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு நர்சம்மா வீட்டுக்குப் போனேன். டவுனில் கோயிலுக்குப் பின்னால் சின்ன வீடு. உட்காரச் சொன்னார். நான் நின்றேன். நோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு விரலை நனைத்து ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். அங்கங்கே நின்று படித்தார். ஒரு இடத்தில் லேசாகச் சிரித்தார். முதல் நோட்டு முடிய நேரம் ஆனது. இரண்டாவதை எடுக்கும்போது சொன்னேன்.

"அந்தப் பொய்ப் புத்தகம் நான் ஒட்டுனதும்மா. அன்னிக்கி நீங்க கேட்டப்ப நான் அங்கதான் இருந்தேன்."

அவர் தலையைத் தூக்கவில்லை. தாளைத் திருப்பிக்கொண்டே இருந்தார். கடைசித் தாள் வரைக்கும் போனார். நோட்டை மூடினார்.

"எல்லாம் இருக்குது" என்றார்.

அப்புறம் என்னைப் பார்த்தார்.

"அந்தப் பொய்ப் புக்குல ஒரு தாளு பிரியல தம்பி. இழுத்துப் பாத்தேன். நல்லாத்தான் ஒட்டுறீங்க. இத முழுசா போடணும். இதையும் நீங்களே ஒட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்."

அடுத்த வருஷம் போட்டோம். பதிப்பாளர் யாரும் கிடையாது. அவரே போட்டுக்கொண்டார். பழைய புத்தகத்தைப்போல இரண்டு மடங்கு தடிமன். அட்டை இருநூறு, உள்பக்கம் இருநூறு. மேடம் கார்டை முதலில் நர்சம்மா கையில் கொடுத்துவிட்டுத்தான் எனக்குக் கொடுத்தார். நர்சம்மா மூன்று நாள் வந்தார். காலையில் டிபன் டப்பாவோடு வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவார். மத்தியானம் வீராம்பட்டினத்துக்காரிகள் பக்கம் போய்விடுவார். அந்த மூன்று பேரில் இரண்டு பேருக்குப் பிரசவம் பார்த்தது அவர்தானாம். எந்த வருஷம், எத்தனை மணி நேரம் கத்தினார்கள் என்று எல்லார் முன்னாலும் சொல்லி மானத்தை வாங்கினார்.

நான் ஒட்டி வைக்க வைக்க, பிரான்சுவா வெட்டித் தர, ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்து முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரைக்கும் விரலால் ஓட்டிப் பார்த்தார். இருநூறையும் பார்த்தார். அட்டையில் தன் பெயரை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம், கிட்டத்தட்ட முடிகிற நேரம், ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார்.

"தம்பி, இதுல பதினாறு பக்கம் தலகீழா இருக்குது."

வாங்கிப் பார்த்தேன். ஒரு ஃபாரம் திரும்பி ஏறியிருந்தது.

"என் தப்புதாம்மா."

"சரி. அதுக்குப் பதிலா வேற ஒண்ணு ஒட்டுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்ததை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.